சீதனமாய்ப் போன தொப்பிகள்

அத்தியாயம் ஒன்பது

“ஊசியில நூலே இல்லகா, பாத்தியா?”

“நிப்பாட்டு.”

“இன்னொருக்கா வடிவாப் பாரு. நூல் கோக்காமலே மெசின ஓட்டுறா. வெறும் காத்தத்தான் தைக்கிறா உன்ட தங்கச்சி.”

“போன மூடு எண்டுறன், உசாந்தினி.”

உசாந்தினி மூடவில்லை; போனை ஸுல்பிகாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். வீடியோ முடிந்து தானாகவே மறுபடி தொடங்கியது. மருதமுனை வீட்டின் முன்ஹோல். ஸுல்பிகாவின் தையல் மெசின், ஸுல்பிகாவின் கதிரை. சுவர் முழுக்க அவள் தைத்த தொப்பிகள். கதிரையில் மட்டும் தங்கச்சி றுஸ்னா, தலையைக் குனிந்துகொண்டு, புதுச் சல்வாரில்.

ஒரு பெண்பிள்ளையின் குரல் உற்சாகமாகச் சொன்னது: “இதுதான் எங்கட வரப்போற மதினி. பழைய குடையில தொப்பி செய்றவ. எல்லாம் அவட கைவேல. மாஷா அல்லாஹ் சொல்லுங்க.”

கீழே நிறையப் பேர் மாஷா அல்லாஹ் சொல்லியிருந்தார்கள்.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடையும் பையும் திருத்துகிற சின்னக் கடை அது. உசாந்தினியின் அப்பாவுடையது. திருத்த முடியாத குடைகளின் துணியை உசாந்தினி உரித்து, மூட்டையாகக் கட்டி ஸுல்பிகாவுக்கு வைத்திருப்பாள். அதை எடுத்துப் போகத்தான் ஸுல்பிகா காலையிலேயே ஸ்கூட்டியில் வந்திருந்தாள்.

அவளுடைய மடியில் ஒரு நீலத் துணி கிடந்தது. கம்பி குத்திய ஓர் ஓட்டையைத் தவிர நல்ல துணி. இந்தக் கடைக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு நினைப்பு வரும். எத்தனை மழையைக் கேட்ட துணி இது, இனி வெயிலில் வேலை பார்க்கப் போகிறது என்று. இன்று அந்த நினைப்பு வரவில்லை. கைகள் துணியின் மேல் சும்மா கிடந்தன.

“ஆரு போட்ட இது?” என்று கேட்டாள்.

“சப்ரி எண்டவர்ர தங்கச்சி. உங்கட வீட்ட பொம்புள பாக்க வந்தாங்கள் எண்டு சொன்னாய்தானே, அண்டைக்கு எடுத்திருக்காங்கள். நீ எங்க அப்ப?”

“பொத்துவில்ல.”

“ஏன்கா? தங்கச்சியப் பாக்க வாற நாளில?”

 பதில் அப்போதுதான் ஸுல்பிகாவுக்கே புரிந்துகொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை. பொத்துவில் கடைக்காரர் தொப்பி கேட்டுக் போனில் கோல் எடுத்ததாகவும், அன்றைக்கே கொண்டுபோகச் சொன்னதாகவும் உம்மாதான் வந்து சொன்னார். ஸுல்பிகா அதை நம்பவில்லை. தலாக் ஆன மகள், மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் முன்னால் நிற்பது நல்லதில்லை என்று உம்மா நினைக்கிறார் போல என்று எடுத்துக்கொண்டாள். அந்த வலியை ஒரு மாத்திரையைப் போல விழுங்கிவிட்டு பஸ் ஏறினாள். பின்னேரம் திரும்பி வந்தபோது வீடு முழுக்கச் சந்தோஷம். மாதக்கணக்காகச் சீதனமாய் வீடு வேண்டும், வீடு வேண்டும் என்று தரகர் மூலம் கேட்டுக்கொண்டிருந்த சப்ரி வீட்டார், இனி வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏன் வேண்டாமாம் என்று அவளும் கேட்டாள். “அல்லாஹ் மனசத் திருப்பிட்டான்” என்றார் உம்மா.

“மூட்டைய எடுக்கல்லயா?” என்று உசாந்தினி பின்னால் இருந்து கூப்பிட்டாள்.

ஸ்கூட்டி அதற்குள் தெருவுக்கு ஏறியிருந்தது.

*

வட்டிலப்ப இனிப்புக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தார் ஆயிஷா உம்மா. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு சப்ரி வீட்டார் மறுபடி வருகிறார்கள். இன்று பேச்சை முடித்து, நிக்காஹுக்கு நாள் குறிப்பதாக ஏற்பாடு.

“என்ன இவ்வளவு கெதியா வந்த? துணி எடுக்கல்லயா?”

“எடுக்கல்ல. சப்ரிட தங்கச்சி போட்ட வீடியோவப் பாத்த.”

உம்மாவின் கை தேங்காய்ப்பூவுக்குள் நின்றது. பிறகு மறுபடி பிழியத் தொடங்கியது.

“என்ன வீடியோ?”

“உம்மா.”

“சின்னப் புள்ளயள். என்னத்தயாச்சும் எடுத்துப் போடுவாளுகள்.”

“தொப்பி றுஸ்னா தைக்கிற எண்டு ஆரு சொன்ன?”

பக்கத்து வளவில் தறி ஓடிக்கொண்டிருந்தது. உம்மா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், அது தனக்காகப் பதில் சொல்லும் என்பதைப் போல.

“நான்தான் சொன்ன,” என்றார். “அதுக்கு இப்ப என்ன? வீடு கேட்டாங்க. எங்கட்ட என்ன இரிக்கி? இரிக்கிற ஒரு வீட்டையும் உனக்கு எழுதியாச்சி. அந்தப் புள்ள வெறுங்கையோட நிக்கிறா. மாப்பிள கட்டாரால வந்து பொத்துவில்ல கடை போடுற யோசினையில இரிக்காரு. வந்தவங்க சுவர்ல தொங்கின தொப்பியப் பாத்துட்டு, இது ஆருட வேல எண்டு கேட்டாங்க. என்ட வாயில அவட பேர் வந்திச்சி.”

“வாயில வந்திச்சா? அப்ப என்னைப் பொத்துவிலுக்கு அனுப்பினது? அதுவும் வாயில வந்ததா?”

உம்மா தலையைக் குனிந்தார்.

“உனக்கு வீடு, அவக்கு வேல. ரெண்டு புள்ளக்கும் ஒவ்வொண்டு. இதில என்ன அநியாயம், மகள்?”

“வேல என்ன காணியா உம்மா, வேலி போட்டுப் பிரிச்சுக் குடுக்க?”

“நீ வழமையா தைக்கிற மாதிரித் தைச்சிட்டிரி. ஆரு வேணாமெண்ட? பேர் மட்டும்தானே.”

பேர் மட்டும்தானே.

அவளைக் கட்டியிருந்த றாஸிக் காதி நீதிமன்றத்தில் தலாக் எழுதிவிட்டுப் போன பிறகு இந்த ஊரில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது. “றாஸிக் உட்டுட்டுப் போன புள்ள.” மீன் வாங்கப் போனாலும் அதே பேர், கலியாண வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அதே பேர். வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்த ஒரு மழை நாளில், வாசலில் உடைந்து கிடந்த ஒரு குடையை அவள் சும்மா பிரித்துப் பார்த்தாள். எட்டுத் துண்டுகள், எல்லாம் உச்சியில் ஒன்று சேர்கின்றன. வெட்டிச் சிறிதாக்கினால் தலையில் அப்படியே உட்கார்ந்துவிடும். விளிம்புக்கு என்ன செய்வது? தறிக்காரர்கள் கழித்துப் போடும் நூல்களைப் பின்னிப் பார்த்தாள். பின்னலைச் சுற்றிச் சுற்றித் தைத்தபோது அது தட்டையாக விரிந்தது. தொய்ந்து விழுந்ததும், சாமான் பெட்டிகளைக் கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டியை உள்ளே வைத்துத் தைத்தாள். நின்றது.

முதல் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் தனியாகச் சிரித்த நாள் அது. அதற்குப் பிறகுதான் ஊர் மெல்ல மெல்லப் பேரை மாற்றியது. தொப்பி ஸுல்பிகா. அந்தப் பேரை யாரும் எழுதித் தரவில்லை. அவளே தைத்துக்கொண்டது.

“றுஸ்னா எங்க?”

“குளிக்கிறா. அவளோட சண்டைக்குப் போகாத. இண்டைக்கு மட்டும் போகாத. வாறவங்களுக்கு முன்னால வாயத் திறந்திராத, மகள்.”

ஸுல்பிகா வெளியே வந்தாள்.

வாப்பா சீனிமுகம்மது வாசல் கேற்றடியில் தன் த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தார். பொத்துவில் பஸ்ஸுக்குத் தொப்பி மூட்டைகளை ஏற்றிப்போகிற த்ரீவீல். அவளைக் கண்டதும் குனிந்து சக்கரத்தைத் தேய்க்கத் தொடங்கினார். ஏற்கெனவே கழுவிய சக்கரம்.

அவருக்கும் தெரியும் என்பது அந்தக் குனிதலிலேயே விளங்கிவிட்டது. 

“நீங்களுமா வாப்பா?”

சீனிமுகம்மது நிமிரவில்லை. “எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள,” என்றார். “வீடு ஒண்டு.”

“எனக்கிட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேக்க வெக்கமா இரிந்திச்சி.”

“எடுக்க வெக்கமா இரிக்கல்லயா?”

தண்ணீர்க் குழாய் அவர் காலடியில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. சேறு அவருடைய சாரனின் ஓரத்தில் ஏறியது. அவர் குழாயை மூடவும் இல்லை, நகரவும் இல்லை.

ஸுல்பிகா ஹோலுக்குத் திரும்பிப் போய், முடிக்காமல் கிடந்த தொப்பியோடு மெசினில் உட்கார்ந்தாள். சப்ரி வீட்டார் வந்து இறங்கும்போது இந்தக் கதிரையில் இருப்பது யார் என்று அவர்களே பார்க்கட்டும். கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். அப்படித்தான் முடிவெடுத்திருந்தாள்.

*

முடிவு வாசலிலேயே ஆட்டம் கண்டது.

சப்ரியின் உம்மா உள்ளே வந்ததும் எல்லோரையும் தாண்டி நேராக அவளிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வெயிலில் வந்த கைகள், சூடாக இருந்தன. “நீங்கதான் மூத்த மகளா? போன முறை காணக் கிடைக்கல்ல. தங்கச்சிக்கு நல்ல ஒத்தாசையாம். உம்மா சொன்ன. அல்லாஹ் உங்களுக்கும் ஒரு வழிய வைப்பான், மகள்.”

ஒரு துளி கள்ளம் அந்த முகத்தில் இல்லை. ஸுல்பிகா வாயைத் திறந்தாள். “இருங்க” என்ற சொல் மட்டும்தான் வந்தது.

சப்ரி கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தான். வெட்கப்படுகிற, நல்ல உயரமான பையன். தங்கச்சிக்காரி வழமை போலப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். றுஸ்னா தலையில் முக்காட்டோடு தட்டத்தில் ரோல்ஸ் கொண்டுவந்து ஒவ்வொருவருக்காக நீட்டினாள். ராத்தா ஸுல்பிகாவின் பக்கம் அவளுடைய கண் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

“ஒரு சாமான் கொண்டு வந்த,” என்று சப்ரி பையைத் திறந்தான். “கொழும்புல அடிச்சு எடுத்த.”

சுருளாகச் சுற்றிய வெள்ளை நாடா. அதில் வரிசையாக ஒரே படம், ஒரே எழுத்து. ஒரு குட்டித் தொப்பி, கீழே நீல நிறத்தில் ‘றுஸ்னா’. தொப்பிக்குள் தைக்கிற லேபல். அவன் நாடாவை இழுக்க இழுக்க றுஸ்னா, றுஸ்னா, றுஸ்னா என்று மேசை முழுக்க ஓடியது.

 ஸுல்பிகாவுக்கு, யாரோ தன் தலையிலிருந்து எதையோ கழற்றி எடுப்பதைப் போல இருந்தது. கையை உயர்த்தித் தடுக்க வேண்டும், ஆனால் கை எங்கே என்று தெரியவில்லை.

“வடிவா இரிக்கா ராத்தா?” என்று சப்ரி அவளிடமே கேட்டான். “இத எந்தப் பக்கம் தைச்சா நல்லம்?”

“தங்கச்சிக்கிட்டக் கேளுங்க,” என்றாள் ஸுல்பிகா. “தைக்கிறவங்களுக்குத்தானே தெரியும்.”

றுஸ்னாவின் கையிலிருந்த தட்டம் மேசை விளிம்பில் தட்டிச் சத்தமெழுப்பியது.

“நீங்களும் கடைக்கு வரோணும் ராத்தா. பொத்துவில்ல இடமும் பாத்தாச்சி. றுஸ்னாக்கு உதவியா இரிந்தா நல்லந்தானே. பிறத்தி ஆள வைக்கிறத்த விட நம்மட ஆள்.”

“அதையும் அவக்கிட்டக் கேளுங்க தம்பி. என்னை வேலைக்கு எடுப்பாவோ தெரியா.”

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டும்தான்.

“ராத்தா பகிடிக்காரி,” என்றாள் போன் வைத்திருந்தவள்.

“தேத்தண்ணி ஊத்துங்க மகள்,” என்று உம்மா அவசரமாக ஸுல்பிகாவைப் பார்த்துச் சொன்னார். கண்ணால் கெஞ்சினார். வாப்பா வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸுல்பிகா எழும்பினாள். கதிரையை விட்டு எழும்பும்போதே அதில் றுஸ்னாவை உட்காரச் சொல்லி யாரோ சொல்வது காதில் விழுந்தது. இப்போதே திரும்பி, ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த வசனம் அவளுடைய நாக்கின் மேல் முழுதாக இருந்தது.

அப்போது சப்ரியின் உம்மா தன் காலடியில் இருந்த நீட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு கறுத்தக் குடை. வளைந்த மரப்பிடி. பழைய காலத்து நீட்டுக் குடை.

“இது எங்கட ஊட்டுக்காரர்ர,” என்று றுஸ்னாவிடம் சொன்னார். அவருடைய குரல் தணிந்தது. “விடிய சுபஹு தொழப் பள்ளிக்குப் போகக்குள்ள இதத்தான் எடுத்துட்டுப் போவாரு. மழையில்லாட்டியும் எடுப்பாரு. அவரு மௌத்தான பொறகு கம்பியெல்லாம் துருப்புடிச்சிட்டு. எறியவும் மனமில்ல, வெச்சுப் பாத்துட்டிரிக்கவும் ஏலா. உங்கட தொப்பியக் கண்டொடன நினைச்ச மகள். இத ஒரு தொப்பியாக்கித் தாங்க. இவன்ட தலையில அவரு இரிக்கட்டும்.”

சப்ரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

 ஸுல்பிகாவின் நாக்கிலிருந்த வசனம் எங்கேயோ கரைந்து போனது. இந்தப் பெண்ணிடம், இந்தக் குடையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அதை எப்படிச் சொல்வது?

“இப்பவே வெட்டுங்க மகள்,” என்றார் அவர் றுஸ்னாவிடம். “பிஸ்மி சொல்லி மொத வெட்டு வெட்டுங்க. எனக்குப் பாக்க ஆசையா இரிக்கி.”

றுஸ்னாவின் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை ஸுல்பிகா குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

“ஹோல்ல ஏலா மாமி,” என்றாள் றுஸ்னா மெதுவாக. “குசினி மேசையிலதான் வெட்டுற.”

அது உண்மைதான். ஸுல்பிகா எப்போதும் குசினி மேசையில் வைத்துத்தான் வெட்டுவாள். அதையாவது பார்த்து வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள் ஸுல்பிகா.

*

றுஸ்னா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். குடையை மேசையில் விரித்தாள். கறுத்தத் துணி மேசை முழுக்கப் படர்ந்தது. பழசானாலும் இறுக்கமான நெசவு. அந்த மனிதர் அதை எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தார் என்பது தெரிந்தது. இது கடையில் கிடைக்கிற துணி இல்லை. பிழையாக வெட்டினால் வேறொன்று வாங்க முடியாது.

ஸுல்பிகா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ராத்தா.”

“வெட்டு. ஹோல்ல பாத்துட்டிரிக்காங்க.”

“நான் வேணும் எண்டு செய்யல்ல. உம்மா அந்தக் கதிரையில இரி எண்ட, இரிந்த. அந்தப் புள்ள போனத் தூக்கிட்டு வந்திட்டு.”

“இரிக்கச் சொன்னா இரிப்பாய். மெசினுக்கு நூல் கோக்கச் சொல்லல்லயா?”

றுஸ்னா அழத் தொடங்கவில்லை. ஸுல்பிகா அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். அழுதால் சுலபமாக இருந்திருக்கும்.

“எல்லாம் உன்டதானே ராத்தா,” என்றாள் றுஸ்னா. “வீடு உன்ட. ஊருக்குள்ள பேர் உன்ட. உனக்குத் தலாக் ஆனதுக்குக்கூட வீடே இரிந்து அழுத. என்னைப் பாத்துட்டு வேணாமெண்டு போனவங்க எத்தனை பேர்? வீடில்லாத புள்ள, வீடில்லாத புள்ள எண்டு. ஒருத்தரும் ஒரு நாளும் எனக்காக அழல்ல. இந்த மனிசன் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. மொத மொதல்ல ஒராள் சிரிச்சாரு.”

“உன்னைப் பாத்தா சிரிச்ச? தொப்பியப் பாத்தா?”

கேட்ட உடனேயே அது எங்கே போய்த் தைக்கும் என்று ஸுல்பிகாவுக்குத் தெரிந்தது. றுஸ்னா துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள்.  அந்தக் கேள்வியை அவளும் பல இரவுகள் தன்னையே கேட்டிருப்பாள் போல.

“நீ என்னட்டச் சொல்லியிருக்கலாம்,” என்றாள் ஸுல்பிகா. அவளுடைய குரல் உடைந்தது. “உம்மா சொல்லமாட்டா. வாப்பா சொல்லமாட்டாரு. நீ சொல்லியிருக்கலாம். ஒரே கட்டில்ல படுக்கிற நாம. நேத்து ராவு என்ட பின்னல அவிழ்த்து உட்டது ஆரு? நீதானே? அப்பயும் நீ வாயத் திறக்கல்லயே.”

வெளியே சப்ரியின் உம்மா ஏதோ சொல்ல, எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். உம்மாவின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நீண்டது.

“என்ன மகள், தொடங்கிட்டயளா?” என்று சப்ரியின் உம்மாவின் குரல் வந்தது. “நானும் வரட்டா உள்ளுக்கு?”

“இல்ல மாமி, இருங்க. வாறன்.”

றுஸ்னா கத்தரிக்கோலை எடுத்தாள். துணியைப் பிடித்தாள். கம்பியோரத் தையலை விட்டுவிட்டு, ஒரு துண்டின் நட்டநடுவில் அலகை வைத்தாள். அங்கே வெட்டினால் எட்டுத் துண்டில் ஒன்று போய்விடும். உச்சி கோணும். அந்த மனிதரின் குடை, குடையாகவும் இல்லாமல் தொப்பியாகவும் இல்லாமல் கிழிந்த துணியாகப் போகும். பிறகு ஹோலில் எல்லாமே வெளிவந்துவிடும். ஸுல்பிகா ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. கேத்தலைப் பிடித்தபடி சும்மா நின்றால் போதும்.

அவள் சும்மா நின்றாள். றுஸ்னா வாய்க்குள் பிஸ்மி சொன்னாள். அலகு திறந்தது.

“நில்லு.”

ஸுல்பிகாவின் கை கத்தரிக்கோலுக்கும் துணிக்கும் நடுவில் இருந்தது. எப்போது கேத்தலை வைத்தாள், எப்போது மேசைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விரலில் அலகு பட்டு மெல்லிய ஒரு கோடு. இரத்தம் வரவில்லை.

இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கதவுக்கு அப்பால் காலடிச் சத்தம். சப்ரியின் உம்மா ஆவல் தாங்காமல் எழும்பி வருகிறார் போல. ஆயிஷா உம்மா ஏதோ சொல்லி அவரைத் தடுத்துக்கொண்டிருப்பது கேட்டது.

றுஸ்னா கத்தரிக்கோலைத் திருப்பி, பிடியை ராத்தாவின் பக்கமாக நீட்டினாள்.

“நீ வெட்டித் தா, ராத்தா. நான் வெட்டினதெண்டு கொண்டு போறன்.”